இறந்த ஆண்டின் கடைசி எண்

அமெரிக்க நாட்டுப்புறத்தில், சோள வயல்களுக்கு நடுவே கம்பிவேலி போட்ட ஓரிரு ஏக்கர் நிலங்களில், சுற்றுவட்டாரத்தார் மட்டுமே அறிந்த சிறு கல்லறைத் தோட்டங்கள் ஏராளம். சிலவற்றில் அடக்கம் செய்வதே நின்று தலைமுறைகள் ஆகிவிட்டன. கோடையில் புல் வெட்ட ஆள் வருவதோடு சரி. ஜியோகேச்சிங் என்னும் தேடல் விளையாட்டில் ஈடுபடுவோர் இந்த இடங்களை வைத்துப் புதிர்கள் அமைப்பதுண்டு. அங்கே உறங்கும் முன்னாள் படைவீரர்களுக்கு மரியாதை செய்வதற்கென்றே அமைக்கப்படுபவை அவற்றில் ஒரு வகை. தோட்டத்து வாசலின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் மட்டும் வெளிப்படையாகத் தரப்படும். தேட வேண்டிய பெட்டி அங்கே இருக்காது. உள்ளே போய், சொல்லப்பட்ட பெயர்களுக்குரிய கற்களை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட இன்னாரின் ரெஜிமென்ட் எண் என்ன, முதல் உலகப் போருக்குப் போய்வந்த இன்னார் இறந்த ஆண்டின் கடைசி எண் என்ன என்ற கேள்விகளுக்கு விடை எடுக்க வேண்டும். ஒவ்வொரு விடைக்கும் ஓர் எழுத்து. அந்த எழுத்துகளுக்குரிய எண்களைத் தரப்பட்ட வாய்பாட்டில் பொருத்திக் கூட்டியும் கழித்தும் பார்த்தால் புதிய அட்சரேகை தீர்க்கரேகை கிடைக்கும். உண்மையான பெட்டி அங்கே இருக்கும். பெரும்பாலும் கல்லறைகளை விட்டு விலகி, சாலையோர மரத்தடியிலோ பழைய வேலிக்கம்பத்தின் அடியிலோ. வாசலிலிருந்து ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் தொலைவுக்குள் அது இருந்தாக வேண்டும் என்பது வழக்கம். பெட்டிக்குள் ஒரு பதிவேடு. தேடிவந்தவர் தம் பெயரையும் தேதியையும் எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே பெட்டியை வைத்துவிட்டுப் போகிறார்.

இந்த விளையாட்டின் முக்கியக் கருவிகள் ராணுவத்திலிருந்து வந்தவை. வழிகாட்டும் ஜிபிஎஸ், அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் படைகளுக்காக உருவாக்கியது. அதன் முதல் செயற்கைக்கோள் 1978இல் ஏவப்பட்டது. பொதுமக்களுக்குக் கிடைத்த சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை கலந்து, ஏறத்தாழ நூறு மீட்டர் வரை தடுமாறும்படி வைத்திருந்தார்கள். 2000 மே மாதத் தொடக்கத்தில் அதிபர் கிளின்டனின் உத்தரவால் அந்தப் பிழை நீக்கப்பட்டது. மறுநாளே, மே 3ஆம் தேதி, ஓரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் என்ற ஊருக்கு அருகே டேவ் அல்மர் என்பவர் ஒரு வாளியில் சில பொருள்களையும் பதிவேட்டையும் போட்டுக் காட்டுக்குள் வைத்தார். இடத்தின் எண்களைப் பிறர் தேடிப்பார்க்க வெளியிட்டார். விளையாட்டு பிறந்த கதை அவ்வளவுதான். மழையும் பனியும் உள்ளே புகாத பெட்டி வேண்டுமென்று தேடியவர்கள் சீக்கிரமே கண்டுகொண்டது, ராணுவம் கழித்துக்கட்டி விற்கும் இரும்புத் தோட்டாப் பெட்டியை. ஆலிவ் பச்சை வண்ணம், ரப்பர் விளிம்பு வைத்த மூடி, ஒரே இழுப்பில் பூட்டிக்கொள்ளும் கொக்கி. இன்றுவரை இந்த விளையாட்டில் அதைவிட மதிப்பான பெட்டி இல்லை. ஆக, ஒரு போர்வீரனின் கல்லறையில் தொடங்கி, போருக்காகச் செய்த செயற்கைக்கோளைக் கேட்டு நடந்து, தோட்டா அடைத்திருந்த பெட்டியைத் திறப்பதில் இந்தத் தேடல் முடிகிறது. புதிர் அமைப்பவர்களில் பலர் முன்னாள் படைவீரர்கள், அல்லது அவர்களின் பிள்ளைகள். அவர்களுக்கு இது உறுத்துவதில்லை. சொந்த வீட்டுச் சாமானைப் புழங்குவதுபோலத்தான் புழங்குகிறார்கள்.

உறுத்துவது வேறொன்று. ஒரு மனிதன் இறந்த ஆண்டு, கணக்கில் நிரப்ப வேண்டிய ஓர் இலக்கமாக மாறிவிடுகிறது. 1944 என்பது 4. 1951 என்பது 1. நார்மண்டியோ கொரியாவோ, அந்த வீட்டுக்குத் தந்தி வந்த காலையோ, அந்த ஓர் இலக்கத்தில் எதுவும் இல்லை. டென்னசி மாநிலத்தின் உல்ஃப் ஆற்றுப் பள்ளத்தாக்கில் பால் மால் என்ற சிற்றூரின் இடுகாட்டில் ஆல்வின் யார்க் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். பிறந்தது 1887 டிசம்பர் 13, இறந்தது 1964 செப்டம்பர் 2. 82ஆவது டிவிஷன், 328ஆவது காலாட்படை ரெஜிமென்ட், ஜி கம்பெனி. 1918 அக்டோபர் 8 அன்று பிரான்சின் ஆர்கான் பகுதியில் ஏழு தோழர்களோடு 132 ஜெர்மானியச் சிப்பாய்களைச் சிறைபிடித்துக் கூட்டிவந்தவர். நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் பெற்றவர். புதிர் அமைப்பவருக்கு இதைவிட வளமான கல்லறை கிடைக்காது. 7, 4, 82, 328, 132 என்று எண்கள் கொட்டிக் கிடக்கின்றன. ஆனால் இதே யார்க், 1917இல் கட்டாயப் படைசேர்ப்புப் படிவத்தில் விலக்குக் கோருகிறீர்களா என்ற கேள்விக்கு எதிரே, தமக்குச் சண்டையிட விருப்பமில்லை என்று எழுதிக் கொடுத்தவர். கொல்லாதே என்ற கட்டளையை அப்படியே நம்பிய ஒரு சிறு சபையைச் சேர்ந்தவர். விலக்கு மறுக்கப்பட்டது. தம் அதிகாரிகளோடு வேதத்தை வைத்துப் பேசி, விடுப்பில் ஊருக்கு வந்து மலைமேல் தனியே ஜெபித்து, அதன் பிறகுதான் போருக்குப் போவதென்று முடிவெடுத்தார். அந்த மனிதரின் வாழ்க்கையில் ஆகப் பெரிய சண்டை நடந்தது அந்த மலைமேல்தான். அதற்கு எண் கிடையாது. புதிரில் அதைக் கேட்கவும் முடியாது. யார்க்குக்காவது திரைப்படம் இருக்கிறது, வரலாற்று நூல்கள் இருக்கின்றன. பெயர் அறியாத ஒரு கிராமத்தில், பெயரும் தரமும் மாநிலமும் ரெஜிமென்ட்டும் இறந்த நாளும் மட்டும் பொறித்த கல்லின் கீழ் கிடக்கும் சிப்பாயின் மலை எது என்று சொல்ல யாரும் மிச்சமில்லை.

படைவீரனை எண்ணாக்கியது புதிர் அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அது ராணுவம் முன்பே செய்து முடித்த வேலை. உள்நாட்டுப் போரில் சிப்பாய்களுக்கு அடையாள வில்லை தரப்படவில்லை. பெரும் தாக்குதலுக்கு முன் தங்கள் பெயரைத் தாளில் எழுதிச் சட்டையின் முதுகில் குத்திக்கொண்டவர்கள் உண்டு. போர் முடிந்தபின் ஏறத்தாழ மூன்று லட்சம் வடதரப்புச் சடலங்கள் தோண்டியெடுக்கப்பட்டு, புதிதாக அமைத்த தேசியக் கல்லறைகளில் மறுபடி அடக்கம் செய்யப்பட்டன. அவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானோருக்குப் பெயர் தெரியவில்லை. 1873இல் போர்த்துறை கல்லறைக் கற்களுக்கு ஒரே மாதிரியான வடிவம் வகுத்தபோது, பெயருள்ளவனுக்கு நான்கு அங்குலக் கனமும் பத்து அங்குல அகலமும் கொண்டு, தரைக்கு மேல் ஓரடி எழும் கல்லும், பெயரில்லாதவனுக்கு ஆறு அங்குலச் சதுரக் கட்டையும் என்று முடிவானது. அந்தச் சதுரத்தின் தலையில் பொறிக்கப்பட்டது கல்லறையின் வரிசை எண் மட்டும். எண் மட்டும் மிஞ்சினால் என்ன ஆகும் என்பதை அந்தக் கட்டைகளைப் பார்த்தால் தெரியும்: அவற்றின்முன் நிற்பவருக்குச் சொல்லிப்பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் இதன் மறுபக்கமும் உண்மை. முதல் உலகப் போரின்போது அமெரிக்கச் சிப்பாயின் கழுத்தில் இரண்டு வில்லைகள் தொங்கின. 1918இல் ஒவ்வொருவருக்கும் தொடர் எண் வந்தது. ஒரே பெயரில் பத்துப் பேர் இருந்த படையில், சேற்றிலிருந்து எடுத்த உடலை உரியவரின் தாயிடம் சேர்த்தது அந்த எண்தான். ஆகவே, எண் என்றாலே மனிதனைக் குறுக்குவது என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. எண்ணிலிருந்து பெயருக்குப் போகிறோமா, பெயரிலிருந்து எண்ணுக்குப் போகிறோமா என்பதில் இருக்கிறது வித்தியாசம். புதிர் போவது இரண்டாவது திசையில். உறுத்தலின் வேர் அங்கேதான்.

நாட்டுப்புறத் தோட்டங்களில் அரசு தந்த கல் நிற்பதற்குக் காரணம் 1879இல் வந்த ஒரு சட்டம். தேசியக் கல்லறைகளில் மட்டுமன்றி, கிராமத்து இடுகாட்டிலும் தனியார் இடுகாட்டிலும் அடையாளமின்றிக் கிடந்த வடதரப்பு வீரர்களுக்கும் அரசு செலவில் கல் தரலாம் என்று அது சொன்னது. அந்தக் கற்கள் கண்ணில் பட்டதும் தெரிந்துவிடும். குடும்பத்தார் வைத்த கற்களில் ஆட்டுக்குட்டியும் வில்லோ மரக்கிளையும் கூப்பிய கைகளும் இருக்க, அவற்றுக்கு இடையே வெள்ளைப் பளிங்கில் குடைந்த கேடயமும், அதற்குள் புடைத்தெழுந்த பெயரும் கம்பெனியின் எழுத்தும் ரெஜிமென்ட் எண்ணுமாக இவை நிற்கும். பிறந்த தேதி பெரும்பாலும் இருக்காது. இறந்த தேதிகூடப் பல கற்களில் இல்லை. தென்தரப்பு வீரர்களுக்குப் பிற்பாடு அரசு தந்த கல்லின் தலை கூம்பியிருக்கும். முதல் உலகப் போருக்குப் பிந்திய அரசுக் கல் 42 அங்குல நீளமும் 13 அங்குல அகலமும் கொண்டது. பக்கத்தில் தரையில் குத்தி நிறுத்திய ஐந்துமுனை நட்சத்திரம் இருந்தால், அவர் வடதரப்பு முன்னாள் வீரர்களின் சங்கமான கிராண்ட் ஆர்மி ஆஃப் த ரிபப்ளிக்கில் இருந்தவர். 1866இல் தொடங்கிய அந்தச் சங்கம், தன் கடைசி உறுப்பினர் ஆல்பர்ட் உல்சன் 1956இல் இறந்ததும் கலைந்தது. மே மாதக் கடைசித் திங்கட்கிழமை வரும் நினைவு நாளுக்கு முன் யாரோ வந்து அந்த நட்சத்திரத்தின் பின்னுள்ள குழலில் சிறு கொடியைச் செருகிவிட்டுப் போகிறார்கள். இன்றைய நினைவு நாளின் தொடக்கம், 1868 மே மாதம் அந்தச் சங்கத்தின் தலைவர் ஜான் லோகன், வீரர்களின் கல்லறைகளில் பூ வைக்கும்படி விடுத்த ஆணையில் இருக்கிறது.

பளிங்கு சுண்ணாம்புக் கல்லின் இனம். மழைநீரில் உள்ள அமிலம் அதைச் சிறுகச் சிறுகக் கரைக்கும். நூற்றைம்பது வருஷ மழை நனைத்த கல்லைத் தொட்டால் சர்க்கரைக் கட்டியைப்போல விரலில் நெறுநெறுக்கும். எழுத்தின் விளிம்பு முதலில் மழுங்கும், பிறகு உள்வளைவுகள் நிரவிப்போகும். 3 எது 8 எது என்று தெரியாமல் போவது அப்போதுதான். புதிரைத் தீர்க்க வந்தவர் இங்கே மண்டியிட்டாக வேண்டும். நேர் வெயிலில் எதுவும் தெரியாது. காலையோ மாலையோ வெளிச்சம் சாய்ந்து விழும்போது, அல்லது பக்கவாட்டில் கண்ணாடி பிடித்து ஒளியைச் சாய்க்கும்போது, பள்ளங்களில் நிழல் தங்கி எண் எழும்பும். தண்ணீர் தெளித்துப் பார்க்கலாம். ஷேவிங் கிரீமைத் தடவி எழுத்தைத் துலக்குவது ஒருகாலத்தில் பரவலாக இருந்தது. அதன் அமிலம் கல்லைத் தின்னும் என்று பாதுகாப்பு வல்லுநர்கள் கண்டித்துவிட்டார்கள். ப்ளீச்சும் கம்பி பிரஷ்ஷும் கூடவே கூடாது. 3ஐ 8 என்று படித்துவிட்டால் என்ன நேரும்? விளையாட்டில் நிமிடத்தின் மூன்றாம் தசம இலக்கம் வரை எழுதுகிறார்கள். அட்சரேகையில் அந்த இடத்தின் ஓர் எண் 1.85 மீட்டர். கடைசி இலக்கத்தில் தவறினால் ஒன்பது மீட்டர் தள்ளி நிற்பார், சுற்றிப் பார்த்தால் பெட்டி கிடைத்துவிடும். முதல் தசம இலக்கத்தில் தவறினால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் விலகி யாரோ ஒருவரின் சோளக்கொல்லைக்குள் போய் நிற்பார். விளையாட்டில் அந்தப் பிழையின் விலை அவ்வளவே. கல்லில் 1863 என்றால் அவன் போருக்குள் மாண்டவன். 1868 என்றால் வீடு திரும்பியவன், திரும்பி மூன்று ஆண்டுகள் உழுதவன், ஒருவேளை ஒரு பிள்ளைக்குத் தகப்பனானவன். ஒரு வளைவு மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்பதில் அவ்வளவும் தொங்கி நிற்கிறது. கல்லின்முன் குனிந்து அந்த வளைவை விரலால் தடவிப் பார்க்கும் ஆளுக்கு, பெட்டிக்காகவே வந்திருந்தாலும், இது ஒரு கணமாவது தட்டுப்படாமல் போகாது. இந்தப் புதிர்களுக்காக வாதாட வேண்டுமானால், அந்த ஒரு கணத்தை வைத்துத்தான் வாதாட முடியும்.

அந்தக் கணத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் கேள்வி கேட்பவரின் கையில் இருக்கிறது. இறந்த ஆண்டின் கடைசி எண் எது என்று கேட்டால் கண் அந்த எண்ணுக்கு மட்டும் போய்த் திரும்பிவிடும், பெயர்கூடப் படிக்கப்படாது. இறந்தபோது வயது என்ன என்று கேட்டால் பிறந்த ஆண்டையும் இறந்த ஆண்டையும் பார்த்துக் கழிக்க வேண்டும்; விடை பத்தொன்பது என்று வந்தால் கழித்தவருக்கு அது சும்மா ஓர் எண்ணாக இராது. பக்கத்துக் கல்லில் இருப்பவர் இவருக்கு என்ன உறவு, அவர் இவருக்குப் பின் எத்தனை ஆண்டு இருந்தார் என்று கேட்டால் ஒரு தாயோ மனைவியோ கணக்குக்குள் வந்துவிடுகிறார். எல்லாக் கல்லிலும் உள்ள ரெஜிமென்ட் எண்களைப் பார்த்து, ஒரே ரெஜிமென்ட்டில் இருந்தவர் எத்தனை பேர் என்று கேட்டால், ஒரே ஊரிலிருந்து ஒன்றாகப் புறப்பட்டவர்கள் வெளிப்படுவார்கள். உள்நாட்டுப் போரில் கம்பெனிகளைப் பெரும்பாலும் ஊர்வாரியாகத்தான் திரட்டினார்கள். நல்ல புதிருக்கும் மட்டமான புதிருக்கும் வேறுபாடு கடினத்தில் இல்லை. எத்தனை சொற்களைப் படித்தால் விடை வரும் என்பதில் இருக்கிறது. கல்லறைகளின் படங்களைத் திரட்டி வைத்திருக்கும் ஃபைண்ட் எ கிரேவ் போன்ற தரவுத்தளங்கள் 1995 முதல் வளர்ந்திருப்பதால், ஊருக்கே போகாமல் வீட்டிலிருந்தபடி பாதி எண்களை எடுத்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். இது தெரிந்த அமைப்பாளர்கள், படத்தில் விழாததைக் கேட்கிறார்கள்: கேடயக் கற்கள் மொத்தம் எத்தனை, இன்னாரின் கல் எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது, நட்சத்திரம் ஊன்றிய கல்லறைகள் எத்தனை. அதற்கு வரிசை வரிசையாக நடந்துதான் ஆக வேண்டும். நடந்தால் கேள்வியில் இல்லாத பெயர்களும் கண்ணில் படும்.

விளையாட்டு கல்லறைக்குள் நுழைவதையே ஏற்காதவர்கள் உண்டு. அவர்களின் கலக்கம் நியாயமானது. 2005இல் தென் கரோலினாவின் கீழவை, உரிய அனுமதியின்றி இடுகாடுகளில் இத்தகைய பெட்டிகளை வைப்பதைத் தடைசெய்யும் மசோதாவை நிறைவேற்றியது. அது சட்டமாகாமல் நின்றுபோனது. இந்தியானா, ஒஹாயோ போன்ற மாநிலங்களிலோ ஸ்பிரிட் க்வெஸ்ட் என்ற பெயரில் நாட்டுப்புற இடுகாடுகளையே வரிசையாகச் சுற்றிக்காட்டும் தேடல் தொடர்கள் உருவாகின. மண்ணைத் தோண்டிப் பெட்டி வைக்கக் கூடாது என்பது எங்கும் உள்ள பொது விதி. இடுகாட்டில் அதற்குக் காரணம் சொல்லவே தேவையில்லை. கல்லறையில் எதையும் நகர்த்துவதில்லை, இருட்டியபின் போவதில்லை, அடக்கம் நடந்துகொண்டிருந்தால் திரும்பிவிடுவது என்பவை அனுபவமுள்ளவர்கள் கடைப்பிடிக்கும் ஒழுங்கு. வீரர்களின் கல்மேல் காசு வைக்கும் பழக்கமொன்று அமெரிக்காவில் பரவியிருக்கிறது. ஒரு சென்ட் என்றால் வந்து பார்த்தேன், ஐந்து சென்ட் என்றால் பயிற்சி முகாமில் கூட இருந்தேன், பத்து சென்ட் என்றால் ஒரே படையில் கூடப் பணியாற்றினேன், இருபத்தைந்து சென்ட் என்றால் உயிர் பிரிந்தபோது அருகில் இருந்தேன். இங்கேயும் எண்தான், ஆனால் வைப்பவர் தம் உறவை அளந்து வைக்கும் எண். புதிர் தேடி வந்தவருக்கு உரிமையுள்ளது ஒரு சென்ட் மட்டும். அந்த அளவைத் தெரிந்து வருபவரால் இடுகாட்டுக்குக் கெடுதல் இல்லை. புல் மூடிய தோட்டத்துக்கு வருஷத்தில் சில பேர் கூடுதலாக வந்துபோவது நல்லதுதான்.

இவ்வளவுக்குப் பிறகும் புதிரால் எட்ட முடியாதவர்கள் இருக்கிறார்கள்: கல்லே இல்லாதவர்கள். படிக்க எழுத்தில்லாத இடத்தில் கேள்வி கேட்க முடியாது. வடதரப்பில் சண்டையிட்ட கறுப்பினச் சிப்பாய்கள் ஏறத்தாழ 1,79,000 பேர். தெற்கின் நாட்டுப்புறத்தில் அவர்கள் அடங்கிய நிலங்கள் பல காடு மண்டியும் உழவுக்குள் போயும் கிடக்கின்றன. அதே மாவட்டத்தில் கூம்பிய தலைகொண்ட தென்தரப்புக் கற்கள் வரிசையாக நிற்கலாம். புதிர் அமைப்பவர் நல்லெண்ணத்தோடு எல்லா வீரர்களுக்கும் மரியாதை என்று தொடங்கினாலும், நிற்கும் கற்களைத்தான் அவர் எண்ண முடியும். யாருக்குக் கல் கிடைத்தது என்ற பழைய அநீதி புதிரின் வாய்பாட்டுக்குள் ஓசையின்றி நுழைந்துவிடும். இதைச் சரிசெய்ய விளையாட்டுக்குள் வழியில்லை. வெளியே ஒன்று உண்டு. முன்னாள் படைவீரர் நலத்துறை, அடையாளமற்ற வீரர் கல்லறைக்கு இலவசமாகக் கல் தருகிறது; படிக்க முடியாதபடி தேய்ந்த அரசுக் கல்லையும் மாற்றித் தருகிறது. சில ஆண்டுகள் நெருங்கிய உறவினர் மட்டுமே விண்ணப்பிக்கலாம் என்று இருந்தது. உள்நாட்டுப் போர்ச் சிப்பாய்க்கு நெருங்கிய உறவினரை எங்கே தேடுவது என்ற எதிர்ப்புக்குப் பிறகு 2016இல் விதி தளர்ந்தது. அமெரிக்கா முதல் உலகப் போரில் நுழைந்த 1917 ஏப்ரல் 6க்கு முன் படைப்பணி முடித்தவருக்கு இப்போது யாரும் விண்ணப்பிக்கலாம். பணியாற்றியதற்கும் அங்கே அடக்கமானதற்கும் சான்று வேண்டும்: படைப்பதிவு, ஓய்வூதியக் கோப்பு, இடுகாட்டின் பழைய பதிவேடு. இவற்றைத் துருவுவது, தேதிகளை ஒப்பிடுவது, ஒரே பெயரில் இருவர் இருந்தால் எவர் என்று பிரித்தறிவது எல்லாம் புதிர்க்காரர்களுக்குக் கைவந்த வேலை. இடுகாட்டைப் பார்த்துக்கொள்பவரின் ஒப்புதலும் படிவத்தில் வேண்டும். நிமிர்ந்து நிற்கும் பளிங்குக் கல் நூறு கிலோவுக்குச் சற்று மேல் கனக்கும். அதை அனுப்பும் செலவு அரசினுடையது, குழி வெட்டி நடும் செலவு விண்ணப்பித்தவருடையது.